ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவரா?

பதிவு 1 – இழையைத் தொடங்கியவர்

2025 ஜனவரியில் வெளியான, சிறந்த பேஸ்பால் வீரர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் இச்சிரோ சுசுகி, சி.சி. சபாத்தியா, பில்லி வாக்னர் ஆகிய மூவரும் தேர்வானார்கள். அதே வாக்குச்சீட்டில் முதன்முறையாக இடம்பெற்ற சியாட்டில் மரினர்ஸ் அணியின் பிட்சர் (பந்தை எறிபவர்) ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸுக்கு 20.6 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. தேர்வாக 75 விழுக்காடு தேவை. 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு பெயர் நீக்கப்படும். மேலே இருப்பவருக்கு மொத்தம் பத்து வாய்ப்புகள் உண்டு. ஆகவே, அவருடைய வழக்கு அந்த வாக்கெடுப்போடு முடிந்துவிடவில்லை.

அவர் தகுதியானவர் என்பது என் முடிவு. அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெனிசுவேலாவின் வலென்சியாவில் பிறந்த ஃபெலிக்ஸ், 2005 ஆகஸ்டில் 19 வயதில் முதல் ஆட்டம் ஆடினார். 2006 முதல் 2015 வரை பத்து ஆண்டுகளும் ஆண்டுக்குக் குறைந்தது 30 ஆட்டங்களைத் தொடக்கப் பிட்சராக ஆடினார். 2008 முதல் 2015 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து 200 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து 200 ஸ்டிரைக்அவுட்டை (பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது) கடந்தார். 2010இல், 13–12 என்ற வெற்றி தோல்விக் கணக்கோடு, லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். 2009இலும் 2014இலும் அதே விருதுக்கான வாக்கில் இரண்டாமிடம் பெற்றார். 2012 ஆகஸ்ட் 15 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக 27 பேட்டர்களையும் ஒருவர்கூட முதல் பேஸை எட்டாமல் வெளியேற்றி, 1–0 என்ற கணக்கில் பர்ஃபெக்ட் கேம் எறிந்தார். மரினர்ஸ் அணியின் வரலாற்றில் அதுவே முதலாவது பர்ஃபெக்ட் கேம்.

2015 முடிவில், 29 வயதில், அவர் 143 வெற்றி, 101 தோல்வி, 3.11 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தம் பொறுப்பில் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்கள், குறைந்தால் சிறப்பு) என்ற நிலையில் நின்றார். அன்று இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பெரும்பாலோர் ஆம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிறகு வந்த நான்கு ஆண்டுகளில் 26 வெற்றியும் 35 தோல்வியும் சேர்ந்தன. ஒட்டுமொத்தக் கணக்கு 169–136, ஈ.ஆர்.ஏ. 3.42, ஸ்டிரைக்அவுட் 2,524 என்று முடிந்தது. அந்த நான்கு ஆண்டுகள் முந்தைய பத்து ஆண்டுகளின் மதிப்பைக் குறைத்துவிடுகின்றனவா என்பதே நான் இங்கே விவாதிக்க விரும்பும் கேள்வி. குறைக்கவில்லை என்பது என் நிலைப்பாடு.

பதிவு 2 – எண்கணக்கர்

கேள்வியைத் தெளிவாக வைத்ததற்கு நன்றி. ஆனால், கடைசி நான்கு ஆண்டுகளை முழுவதுமாக ஒதுக்கிவிட்டாலும் உங்கள் வழக்கு முடிந்துவிடாது என்று நினைக்கிறேன்.

ராய் ஹாலடேயை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 2019இல் முதல் வாய்ப்பிலேயே 85.4 விழுக்காடு பெற்றுத் தேர்வானார். அவர் எறிந்தது 2,749 இன்னிங்ஸ். ஃபெலிக்ஸ் எறிந்தது 2,729. இருவருக்கும் இடையே இருபது இன்னிங்ஸ்தான் வித்தியாசம். ஸ்டிரைக்அவுட்டில் ஃபெலிக்ஸே நானூறுக்கும் மேல் முன்னிலையில் இருக்கிறார். அப்படியானால் இருவரையும் பிரிப்பது எது? ரன்களைத் தடுத்த அளவுதான். லீக்கின் சராசரியையும் சொந்த மைதானத்தின் தன்மையையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்யும் ஈ.ஆர்.ஏ. பிளஸ் அளவீட்டில் 100 என்பது சராசரிப் பிட்சர், கூடினால் சிறப்பு. ஹாலடே 131, ஃபெலிக்ஸ் 117. ஒரு வீரர் மாற்று ஆட்டக்காரரைவிட எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் என்று மதிப்பிடும் வார் அளவீட்டில் ஹாலடே ஏறத்தாழ 65, ஃபெலிக்ஸ் ஏறத்தாழ 50. ஹால் ஆஃப் ஃபேமில் உள்ள தொடக்கப் பிட்சர்களின் சராசரி 70ஐத் தாண்டுகிறது.

கடைசி ஆண்டுகளின் சரிவு கூட்டுத்தொகையைத்தான் பாதிக்கும், உச்சத்தைத் தொடாது என்று சொல்லலாம். அதையும் சரிபார்ப்போம். அவருடைய மிகச் சிறந்த ஏழு ஆண்டுகளை மட்டும் தனியே எடுத்துக் கூட்டினாலும் வார் மதிப்பு 40க்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. இதில் 2015க்குப் பிந்தைய ஒரு ஆண்டுகூட இல்லை. ஹால் ஆஃப் ஃபேம் தொடக்கப் பிட்சர்களின் ஏழு ஆண்டு உச்சத்தின் சராசரி 50ஐ ஒட்டியது. ஃபெலிக்ஸ் மிக நல்ல பிட்சர், அதில் எனக்கு ஐயமில்லை. அவர் பத்து ஆண்டுகள் ஓய்வில்லாமல் மிக நன்றாக ஆடினார் என்பதும், அந்தப் பத்து ஆண்டுகளும் வரலாற்றின் மிக உயர்ந்த பத்து ஆண்டுகள் என்பதும் ஒன்றல்ல.

பதிவு 3 – மினசோட்டா வாசகர்

இந்த இழையில் யோஹான் சந்தானாவின் பெயர் இன்னும் வராதது எனக்கு வியப்பளிக்கிறது.

மினசோட்டா அணிக்காக ஆடிய பிட்சர் சந்தானாவும் வெனிசுவேலாக்காரர். 2004, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சை யங் விருதை எல்லா முதலிட வாக்குகளையும் பெற்று வென்றவர். 2006இல் வெற்றி, ஸ்டிரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. மூன்றிலும் முதலிடம் பிடித்தவர். ஈ.ஆர்.ஏ. பட்டத்தை மூன்று முறை வென்றவர். அவருடைய ஈ.ஆர்.ஏ. பிளஸ் 136. மொத்த வார் மதிப்பு 50ஐச் சற்றுத் தாண்டியது. ஏழு ஆண்டு உச்சம் 45. அதாவது ஃபெலிக்ஸைவிட எழுநூறு இன்னிங்ஸ் குறைவாக எறிந்து, அவருக்கு இணையான அல்லது அதைவிட உயர்ந்த மதிப்பைத் தந்தவர். 2018 வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது பத்து வாக்குகள், 2.4 விழுக்காடு. முதல் ஆண்டிலேயே பெயர் நீக்கப்பட்டது. அந்த ஆண்டுச் சீட்டில் சிப்பர் ஜோன்ஸ், ஜிம் தோமி, விளாடிமிர் குரேரோ, டிரெவர் ஹாஃப்மன், எட்கர் மார்ட்டினெஸ், மைக் முசினா, பாரி பாண்ட்ஸ், ரோஜர் கிளெமென்ஸ் என்று பெரிய பெயர்கள் குவிந்திருந்தன. ஒரு வாக்காளர் பத்துப் பேருக்கு மேல் குறிக்க முடியாது என்ற விதியின் கீழ் சந்தானா நசுங்கிப்போனார்.

அது அநீதி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அவர் தோள்பட்டைக் காயத்தால் 2012க்குப் பிறகு ஆடவில்லை. கையில் பந்து இருந்த காலத்தில் அவரைவிடச் சிறந்த தொடக்கப் பிட்சர், இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் இல்லை. சாண்டி கூஃபாக்ஸ் 30 வயதில் ஓய்வு பெற்றபோது அவர் எறிந்திருந்தது 2,324 இன்னிங்ஸ். சந்தானாவைவிட முந்நூறு இன்னிங்ஸே கூடுதல். கூஃபாக்ஸ் 1972இல் முதல் வாய்ப்பிலேயே தேர்வானார். அவரிடம் உலகத் தொடர் ஆட்டங்கள் இருந்தன, 1962 முதல் 1966 வரை ஐந்து ஈ.ஆர்.ஏ. பட்டங்கள் தொடர்ந்து இருந்தன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. குறுகிய உச்சம் போதும் என்று கூஃபாக்ஸுக்கு ஏற்றுக்கொண்ட மன்றம், அதே வகையான வழக்கோடு வந்த சந்தானாவை ஓராண்டுகூட விசாரிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஃபெலிக்ஸுக்கு 20.6 விழுக்காடு கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவரை உள்ளே அழைக்கும் வாதம் எதுவானாலும், சந்தானாவை வெளியே நிறுத்திவிட்டு அது நிற்காது.

பதிவு 4 – புதிய வாசகர்

மூவருடைய பதிவுகளையும் கவனமாகப் படித்தேன். ஒரு கேள்வி. ஃபெலிக்ஸ் பதினைந்து பருவங்களில் பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை என்பது வாக்காளர்களிடம் எவ்வளவு எடை பெறுகிறது? 13–12 என்ற வெற்றி தோல்விக் கணக்கோடு ஒருவருக்குச் சிறந்த பிட்சர் விருது எப்படிக் கிடைத்தது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதிவு 5 – இழையைத் தொடங்கியவர்

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2010ஆம் ஆண்டு மரினர்ஸ் அணி 61 ஆட்டங்களில் வென்று 101 ஆட்டங்களில் தோற்றது. 162 ஆட்டங்களில் அவர்கள் எடுத்த ரன்கள் 513. பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் விதி 1973இல் அமெரிக்கன் லீக்கில் நடைமுறைக்கு வந்த பிறகு, அன்றுவரை முழுப் பருவத்தில் அந்த லீக்கின் ஒரு அணி எடுத்த மிகக் குறைந்த ரன்கள் அவை. அந்த அணிக்காக ஃபெலிக்ஸ் கிட்டத்தட்ட 250 இன்னிங்ஸ் எறிந்து 2.27 என்ற ஈ.ஆர்.ஏ.யுடன் லீக்கில் இரண்டிலும் முதலிடம் பெற்றார். அதே ஆண்டில் சி.சி. சபாத்தியா 3.18 ஈ.ஆர்.ஏ.யுடன் 21 வெற்றி பெற்றார். அவருக்குப் பின்னால் நின்ற யாங்கீஸ் அணி 859 ரன்கள் எடுத்தது. பிட்சரின் பெயருக்கு எதிரே எழுதப்படும் வெற்றி என்பது, அவர் எறிந்த பந்துக்கும் அவருடைய சகாக்கள் அடித்த பந்துக்கும் சேர்த்து எழுதப்படுவது. 28 முதலிட வாக்குகளில் 21 ஃபெலிக்ஸுக்கு விழுந்தபோது, வாக்களித்த எழுத்தாளர்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள்.

இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2005இல், மினசோட்டா நண்பரின் சந்தானா 2.87 ஈ.ஆர்.ஏ.யும் 238 ஸ்டிரைக்அவுட்டும் வைத்திருந்தார். விருது 3.48 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த பார்ட்டோலோ கொலோனுக்குப் போனது, ஏனெனில் கொலோனிடம் 21 வெற்றிகள் இருந்தன. 2010க்குப் பிறகு அப்படி நடப்பது அரிதாகிவிட்டது. 2018இல் ஜேக்கப் டிகிராம் 10–9 என்ற கணக்கோடு விருது வென்றபோது பெரிய சர்ச்சை எழவில்லை. அந்தக் கதவை முதலில் திறந்தது ஃபெலிக்ஸின் பருவம். விளையாட்டைப் பற்றிய நம் மதிப்பீட்டையே மாற்றிய பருவம் ஒருவரிடம் இருக்கும்போது, அதை ஏழு ஆண்டுகளின் கூட்டுத்தொகையில் ஓர் உறுப்பாக மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது.

பிளேஆஃப் பற்றி. மரினர்ஸ் 2001இல் பிளேஆஃப் ஆடினார்கள். மறுபடியும் ஆடியது 2022இல். ஃபெலிக்ஸின் 2005–2019 காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. அவர் மிக அருகில் சென்றது 2014இல். பருவத்தின் கடைசி நாளன்று மரினர்ஸ் உள்ளே போக வேண்டுமானால் தாங்கள் வெல்ல வேண்டும், ஓக்லண்ட் தோற்க வேண்டும். ஃபெலிக்ஸ் எறிந்துகொண்டிருந்த ஆட்டம் முடிவதற்கு முன்பே ஓக்லண்ட் வென்றுவிட்டது. ஆறாவது இன்னிங்ஸில் ரன் எதுவும் விட்டுக்கொடுக்காத நிலையில் பயிற்சியாளர் அவரை வெளியே அழைத்துக்கொண்டார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஆண்டு அவருடைய ஈ.ஆர்.ஏ. 2.14. சை யங் வாக்கில் கோரி குளூபரிடம் 17–13 என்ற முதலிட வாக்குக் கணக்கில் தோற்றார். அதே ஆண்டு, குறைந்தது ஏழு இன்னிங்ஸ் எறிந்து இரண்டு ரன்னுக்கு மேல் விட்டுக்கொடுக்காத ஆட்டங்களைத் தொடர்ச்சியாக 16 முறை ஆடி, 1971இல் டாம் சீவர் வைத்த 13 என்ற சாதனையைக் கடந்தார்.

ஆடாத ஆட்டத்தை அவருடைய குறையாக எழுதக் கூடாது. அணியை விட்டுப் போயிருக்கலாமே என்று சிலர் சொல்வதுண்டு. அவர் 2010லும் 2013லும் நீண்ட ஒப்பந்தங்களைச் சியாட்டிலிலேயே கையெழுத்திட்டார். தோற்கும் அணியில் தானே விரும்பி நின்ற ஒருவரிடம், ஏன் வெல்லும் அணிக்குப் போகவில்லை என்று ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

பதிவு 6 – எண்கணக்கர்

பிளேஆஃப் குறித்து உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். வெற்றி தோல்விக் கணக்கையும் நான் எடுத்து வரவில்லை என்பதைக் கவனிக்கவும். ஆகவே 2010ஐப் பற்றிய உங்கள் விளக்கம் எனக்கு எதிரான வாதமாகாது. நான் பயன்படுத்திய அளவீடுகள் எல்லாமே, அணி எத்தனை ரன் எடுத்தது என்பதைப் பொருட்படுத்தாதவை.

ஆனால், சகாக்களின் பங்கைப் பிரித்துப் பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் பிரிக்க வேண்டும். 2010 மரினர்ஸ் அணியால் பேட் செய்ய முடியவில்லை. அதே அணியின் சென்டர் ஃபீல்டில் ஃபிராங்க்ளின் குட்டியெரெஸும் ரைட் ஃபீல்டில் இச்சிரோவும் நின்றார்கள். இருவரும் அந்த ஆண்டு சிறந்த ஃபீல்டர்களுக்கான கோல்ட் குளோவ் விருது வென்றவர்கள். உயர எழும்பிய பந்துகளில் பல அவர்கள் கைக்குப் போயின. சியாட்டில் மைதானமும் அக்காலத்தில் பிட்சர்களுக்குச் சாதகமானது. மைதானத்தின் சாதகத்தைக் கழித்துப் பார்த்துத்தான் 117 என்ற எண் வருகிறது. ஃபீல்டர்களின் உதவி அதில் கழிக்கப்படவில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2013 பருவத்துக்கு முன்பு அந்த மைதானத்தின் வேலியை உள்ளே நகர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் 2014இன் 2.14 வந்தது. மைதானம் அவரை உருவாக்கியது என்று யாரேனும் சொன்னால், அந்த ஒரு பருவமே மறுப்பதற்குப் போதுமானது. என் தயக்கம் மைதானத்தைப் பற்றியதல்ல. 2.5க்குக் கீழே ஈ.ஆர்.ஏ. வைத்த மூன்று பருவங்கள் அவரிடம் உள்ளன: 2009, 2010, 2014. 2015 வரையிலான மற்ற முழுப் பருவங்களில் அவர் 3.04 முதல் 4.52 வரை இருந்தார். ஹாலடேயிடமும் சந்தானாவிடமும் விருதுக்குரிய தரத்தில் இருந்த பருவங்கள் இதைவிடக் கூடுதல்.

சபாத்தியாவின் பெயர் வந்ததால் அவரையும் பார்ப்போம். அவருடைய ஈ.ஆர்.ஏ. பிளஸ் 116, ஃபெலிக்ஸைவிட ஒரு புள்ளி குறைவு. ஆனால் அதை 3,577 இன்னிங்ஸ் நீளத்துக்கு நடத்தினார். 251 வெற்றி, 3,093 ஸ்டிரைக்அவுட் வைத்திருக்கிறார். ஹாலடே தரத்தின் உயரத்தால் உள்ளே போனார், சபாத்தியா காலத்தின் நீளத்தால் உள்ளே போனார். ஃபெலிக்ஸிடம் ஹாலடேயின் நீளமும் சபாத்தியாவின் உயரமும் இருக்கின்றன.

பதிவு 7 – மினசோட்டா வாசகர்

எண்கணக்கரின் கடைசி வரி கடுமையானது, ஆனால் சரியானது. இருந்தாலும் நான் ஃபெலிக்ஸுக்கு வாக்களிக்கும் பக்கமே சாய்கிறேன். காரணம் வேறு.

70 என்ற வார் சராசரி எங்கிருந்து வருகிறது? நாற்பது, ஐம்பது ஆட்டங்களை ஒரே ஆண்டில் தொடங்கி, பெரும்பாலானவற்றை ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து முடித்த பழங்காலத்துப் பிட்சர்களும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். இன்று ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் ஒருவர் எறிகிறார். நூறு பந்துகளை நெருங்கியதும் வெளியே அழைக்கப்படுகிறார். 300 வெற்றியைக் கடைசியாக எட்டியவர் ரேண்டி ஜான்சன், 2009இல். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. 200 இன்னிங்ஸை எட்டுவதே இப்போது அரிய செயலாகிவிட்டது. ஃபெலிக்ஸ் அதை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து செய்தார். 29 வயதுக்குள் 2,262 இன்னிங்ஸ் எறிந்துவிட்டார். இனி வரும் பிட்சர்களில் எத்தனை பேர் அந்த வயதில் அந்த எண்ணை எட்டுவார்கள்? பழைய சராசரியை அப்படியே வைத்துக்கொண்டால், இந்தத் தலைமுறையின் தொடக்கப் பிட்சர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம் அமைந்துள்ள கூப்பர்ஸ்டவுனில் இடமே இருக்காது.

அந்தச் சுமைதான் அவருடைய சரிவுக்கும் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது கண்கூடு. இருபது வயதில் மணிக்கு 95 மைலுக்கு மேல் எறிந்த கை, முப்பதைத் தாண்டியபோது 90ஐச் சுற்றி நின்றது. அவருடைய பெரிய ஆயுதம் சேஞ்ச்அப், அதாவது ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து) போலத் தோன்றி அதைவிட மெதுவாக வரும் பந்து. அவருடைய சேஞ்ச்அப் மற்றவர்களுடையதைவிட எப்போதுமே வேகமானது. ஃபாஸ்ட்பாலின் வேகம் இறங்கி வந்ததும் இரண்டுக்கும் இடையிலிருந்த வேக வித்தியாசம் சுருங்கிவிட்டது. பேட்டர் முன்பு போல ஏமாறவில்லை.

இரண்டு வெனிசுவேலாக்காரர்களும் நேருக்கு நேர் நின்ற ஒரு நாளையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். 2008 ஜூனில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் சந்தானா எறிய, அமெரிக்கன் லீக் பிட்சர் என்பதால் பேட்டைத் தொடும் வாய்ப்பே அரிதான ஃபெலிக்ஸ், மூன்று பேஸும் நிறைந்திருந்தபோது ஹோம் ரன் அடித்தார். தகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருவரையும் ஒன்றாக நினைக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பதிவு 8 – எண்கணக்கர்

காலத்துக்கு ஏற்ப அளவுகோல் இறங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். அது இறங்கும்போது முதலில் தொட வேண்டியது சந்தானாவை, பிறகுதான் ஃபெலிக்ஸை என்பது என் வரிசை. எழுத்தாளர்களின் வாக்கில் விடுபட்டவர்களைப் பின்னர் பரிசீலிக்கும் 16 பேர் குழு இருக்கிறது. அங்கே 12 வாக்கு தேவை. 3.90 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த ஜாக் மோரிஸ், எழுத்தாளர்களின் சீட்டில் பதினைந்து ஆண்டுகளும் தோற்ற பிறகு, 2017 டிசம்பரில் அந்த வழியில்தான் உள்ளே போனார். சந்தானாவுக்கு அந்த வழி திறந்தால் ஃபெலிக்ஸுக்கு எதிரான என் வாதம் பெருமளவு வலுவிழக்கும்.

பதிவு 9 – இழையைத் தொடங்கியவர்

ஹாலடேயின் நீளம், சபாத்தியாவின் உயரம் என்ற வாதத்துக்கு என் பதில் இது. ஃபெலிக்ஸின் 117க்குள் இரண்டு வெவ்வேறு பிட்சர்கள் இருக்கிறார்கள். 2015 வரை எறிந்த 2,262 இன்னிங்ஸில் ஒருவர். அதற்குப் பின் எறிந்த 467 இன்னிங்ஸில் 5ஐ நெருங்கிய ஈ.ஆர்.ஏ.யோடு இன்னொருவர். முதலாமவர் எறிந்தது கூஃபாக்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் எறிந்ததைவிட அறுபது இன்னிங்ஸே குறைவு. சபாத்தியாவின் உயரம் என்று நீங்கள் சொல்வது அந்த இருவரையும் கலந்தெடுத்த சராசரி. அவர் 2015இல் காயமுற்று அத்தோடு நின்றிருந்தால், ஈ.ஆர்.ஏ. பிளஸ் கூடியிருக்கும், உங்கள் வாசகம் மாறியிருக்கும். ஓய்வு பெறாமல் தோற்கும் அணிக்காக மேலும் நான்கு ஆண்டுகள் எறிமேடை ஏறியதற்கு நாம் அவரைத் தண்டிக்கிறோம்.

ஏழு ஆண்டு உச்சம் 40க்குக் கீழே என்ற உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அவரை முதல் வாய்ப்பிலேயே தேர்வாகியிருக்க வேண்டியவர் என்று நான் எழுதவில்லை. 270 வெற்றிகள் வைத்திருந்த மைக் முசினா 2014இல் தம் முதல் வாக்கெடுப்பில் பெற்றது 20.3 விழுக்காடு, தேர்வானது 2019இல், 76.7 விழுக்காட்டோடு. பெர்ட் பிளைலெவன் முதலில் 17.5 விழுக்காடு பெற்று, பதினான்காவது ஆண்டில் உள்ளே போனார். ஃபெலிக்ஸின் தொடக்கம் அவர்கள் இருவருடையதையும்விட ஒரு சிறு அளவேனும் மேலே. என்னிடம் பத்துப் பெயருக்கான சீட்டு இருந்தால், அவருடைய பெயரை ஆறாவது அல்லது ஏழாவது இடத்தில் எழுதுவேன். சந்தானா இன்னும் அந்தச் சீட்டில் இருந்திருந்தால், அவரை ஃபெலிக்ஸுக்கு மேலே எழுதியிருப்பேன்.